சித்தப்பா மடித்த பூப்பொட்டலம்

வெள்ளைக்காரன் நாட்டை ஆண்ட காலத்தில் எங்கள் வீட்டுக் கூரையை ஆண்டவர் சித்தப்பா. ஓடு வேய்வதுதான் அவர் தொழில். ராசிபுரம் பக்கத்தில் எங்கள் சொந்தபந்தத்தின் வீடுகளில் அவர் ஏறாத கூரை கிடையாது. போன வருடம் எங்கள் வீட்டுக்கும் அவர்தான் ஓடு மாற்றினார். அந்த ஐப்பசி மழையில் அண்டா, குண்டா, உப்புச்சாடி என்று வீட்டிலிருந்த பாத்திரமெல்லாம் ஒழுக்குக்குக் காவல் இருந்தன.

இந்த வருடம் அக்காவுக்குத் தலைப்பிரசவம். அழைத்துவரப் போன அப்பாவிடம் அக்காவின் மாமியார், "ஒழுகற ஊட்டுல புள்ள பெத்தவள எங்கீங்க படுக்க வெப்பீங்க?" என்று கேட்டுவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஓமலூர் மேஸ்திரி ஒருவர் வந்து மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "மழைக்கு முந்தி முடிச்சுத் தாரேனுங்க" என்றார். அவரிடமே வேலையை விட்டுவிடலாம்தான். ஆனால் சித்தப்பாவிடம் யார் சொல்வது? மனுஷருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்பா வாயைத் திறக்கும் முன்பே, "இந்த வாட்டியும் நாந்தாண்ணா! அயலூர்க்காரன் எவன் ஏணி வெக்கறான்னு பாத்துடறேன்" என்று துண்டை உதறினார்.

கடைசியில் அப்பா பாரத்தை மாரியம்மன் மேல் போட்டார். எதுவும் முடிவாகாவிட்டால் கோயிலில் பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் மேஸ்திரி, சிவப்பு வந்தால் சித்தப்பா. விவரம் தெரியாத குழந்தைதான் எடுக்க வேண்டும். அந்தப் பெருமை எனக்குக் கிடைத்தது.

"பூவ நாந்தான் மடிப்பேன்" என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றார். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. "ஏனுங்க, ரெண்டுலயும் செவப்ப வெச்சுப்போடுவாருங்க" என்று அப்பாவின் காதோரம் சொன்னாள். அப்பா பூத்தட்டை அவரிடமே நீட்டினார்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். வெள்ளை! அம்மா அங்கேயே நின்று அழுதுவிட்டாள். "ஆத்தாளே சொல்லிப்போட்டா, நான் என்னத்தச் சொல்ல?" என்று உறுமிய சித்தப்பா, மற்றப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டார்.

திரும்பும் வழியில் அது நழுவி விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பொறுக்கிப் பிரித்தேன். அதிலும் வெள்ளரளிதான். சித்தப்பா முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குனிந்து, "ஆத்தா செவப்ப வெள்ளையாக்கிப்போட்டா சாமி. ஆருகிட்டயும் சொல்லீராத, கோவிச்சுக்குவா" என்றார். அம்மாடி, இப்பேர்ப்பட்ட அதிசயம் என் கையிலா நடந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

மேஸ்திரி சொன்னபடியே முடித்துக் கொடுத்தார். அக்கா கூண்டு வண்டியில் வந்து இறங்கினாள். அவளுக்கு வலி கண்ட அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மழைக்கு முன்பே வந்துவிட்ட சித்தப்பா, போன வருடம் அண்டா வைத்திருந்த இடத்தில் போய் நின்று உள்ளங்கையை நீட்டினார். வெகுநேரம் அப்படியே நின்றார். உள்ளறையில் குழந்தை வீறிட்டது.

"நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்று முணுமுணுத்தார்.

அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. முகம் மட்டும் நனைந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் மேஸ்திரி சரியாக வேயவில்லை போலிருக்கிறது என்று நான் அண்ணாந்து ஓட்டைப் பார்த்தேன்.