லீவு என்று கேட்ட சொல்

தாதியின் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒரு கருவி ஒரே சீராகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. காதில் சூடேறிக் கிடந்த அந்தப் பழைய பட்டன் போனில் குரலைவிட அந்தச் சத்தம்தான் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. வாப்பா கட்டாரில் கட்டட வேலை செய்தார். இரண்டு வருடத்துக்கொரு முறை அவர் கல்முனைக்கு வருவதற்கு எங்கள் வீட்டில் ‘லீவு’ என்று பெயர். எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தச் சொல்லுக்காகவே நாட்களை எண்ணிக்கொண்டிருந்தோம். வாப்பா கட்டடச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டதாக, அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஜவ்பர் மாமா ஒருநாள் அழைத்துச் சொன்னார். காலில் சின்னக் காயம்தான் என்றவர், உம்மா அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் வைத்துவிட்டார். பிறகு இரண்டு நாட்கள் அவர் போனை எடுக்கவேயில்லை.

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, பின்னேரம் அஸர் தொழுது முடித்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தத் தாதி அழைத்தார். ஆங்கிலம் தெரிந்தவள் என்று வீட்டில் பெயரெடுத்தவள் நான். புத்தகத்தை வாசிப்பேன், பரீட்சையில் புள்ளி எடுப்பேன், ஆனால் ஒருவர் ஆங்கிலத்தில் பேசி அதுவரை கேட்டதில்லை. ‘யுவர் ஃபாதர்’ என்றார், பிறகு ‘நொட்’, பிறகு ஒரு சொல், பிறகு ‘ஃப்ரைடே’. அந்தச் சொல் என் காதில் லீவு என்று விழுந்தது. வெள்ளிக்கிழமை வரை லீவு இல்லை, அதன் பிறகு விட்டுவிடுவார்கள் என்று நானே கூட்டிச் சேர்த்து உம்மாவிடம் சொன்னேன். தாதி மூன்று தரம் ‘சொரி’ என்றார். இதற்கேன் இவ்வளவு மன்னிப்பு என்று நினைத்தேன். போனை வாப்பாவின் காதில் வைக்கட்டுமா என்று அவர் அடுத்துக் கேட்டது மட்டும் எனக்குச் சரியாகவே விளங்கியது. உம்மாவிடம் கேட்டேன்.

“களைச்சிப் போய்க் கிடப்பார். எழுப்ப வேணாமெண்டு சொல்லு மகள். வந்தாப் பொறகு ஆறுதலாக் கதைப்பம்.”

‘நோ’ என்றேன்.

புதன்கிழமை உம்மா மெத்தையை வெயிலில் காயப்போட்டார். வியாழன் காலை ஜவ்பர் மாமா அழைத்தார். விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குச் சற்று முன் வாப்பா மௌத்தாகிவிட்டார் என்றார். கடைசி நேரத்தில் காதில் கலிமா சொல்ல யாராவது இருந்தார்களா என்று உம்மா கேட்டார். தெரியாது என்றார் மாமா. வாப்பாவை அங்கேயே அடக்கினார்கள்.

சில வாரங்கள் கழித்து ஆங்கில டீச்சர் கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதினார். “நம்மட குறில் நெடில் மாதிரித்தான் பிள்ளையள். லிவ் எண்டா உயிரோட இருக்கிறது. லீவ் எண்டா வெளிக்கிட்டுப் போறது.” வகுப்பு முழுவதும் சேர்ந்து சொன்னது. நான் ‘லிவ்’வுக்கு முன்னால் ‘நொட்’டையும் பின்னால் ‘ஃப்ரைடே’யையும் வைத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வரை உயிரோடு இருக்கமாட்டார் என்றுதான் அந்தத் தாதி சொல்லியிருக்கிறார்.

சொல்லிவிட வேண்டுமென்றுதான் வீட்டுக்கு ஓடினேன். கணவனை இழந்தவர் வெளியே போகாமல் இருக்கும் இத்தாவில் உம்மா இருந்தார். பார்க்க வந்த பெண்களிடம், “வெள்ளிக்குப் பொறகு லீவில வாறன் எண்டுதான் சொல்லி அனுப்பினார்” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது அறை வாசலிலேயே கேட்டது. அந்த வாரங்களில் அவர் அழாமல் சொன்ன பேச்சு அது ஒன்றுதான். நான் உள்ளே போகவில்லை.

இருபது வருடங்களாக உம்மா அதையேதான் சொல்லி வருகிறார். அந்தப் போனும் இல்லை, அதிலிருந்த ஆஸ்பத்திரி எண்ணும் இல்லை, ஜவ்பர் மாமாவும் இறந்துவிட்டார். என்ன சொல்லப்பட்டது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். போன கிழமை என் மகள் அறைக்குள் ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். லிவ், லீவ். கீரை ஆய்ந்துகொண்டிருந்த உம்மாவின் கை நின்றது.

“அண்டைக்கு அந்தத் தாதி வேற ஒண்டும் சொல்லல்லயா மகள்?”

“இல்ல உம்மா” என்றேன்.

உம்மா கீரையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.