ஜமால்தீனுக்குக் கேட்காத குருவி

வியாழக்கிழமை பின்னேரத்து அசர் தொழுகை முடிந்ததும் ஜமால்தீன் தன் மோட்டார் சைக்கிளின் பின்னால் கூடாரத்தைக் கட்டுவார். கிண்ணியாவில் அவர் வேலை செய்யும் நெல் மில்லுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆனால் அன்று நண்பகல் ஜும்ஆத் தொழுகைக்கு ஊர் திரும்பிவிட வேண்டும். ஆகவே அவருடைய காடு வியாழன் பின்னேரம் தொடங்கி வெள்ளி பதினொரு மணிக்கு முடிந்துவிடும். பதினொரு வருடங்களாக அந்தச் சிறிய காட்டுக்குள்தான் அவர் போய்வருகிறார்.

தம்பலகாமத்து வயல்களைத் தாண்டி, செம்மண் பாதையில் ஆறு கிலோமீற்றர் போனால் நாவற்குளம். குளத்தின் தெற்குக் கரையில் கூடாரம் அடிப்பதற்கென்று எட்டுச் சீமெந்து மேடைகள். ஒரு தண்ணீர்த் தாங்கி, இரண்டு கழிப்பறைகள், யானை வராமல் இழுத்துக் கட்டிய மின்கம்பி வேலி. வாசலில் திலக்சன் என்ற அலுவலரின் தகரக் கொட்டில். திருகோணமலைப் பட்டணத்துப் பிள்ளை. வயது முப்பத்து நான்கு. அவருக்குப் பறவைகளைப் பற்றி அதிகம் தெரியாது. தெரியாது என்பதை மறைக்கவும் மாட்டார். முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வதுபோல ஜமால்தீனை ‘நானா’ என்றே கூப்பிடுவார்.

ஜமால்தீன் எண்ணும் முறை வேறு எவருடையதும் அல்ல. விடியுமுன் சுபஹ் தொழுதபின் பாயிலிருந்து எழும்ப மாட்டார். கண்களை மூடிக்கொண்டு அப்படியே இருப்பார். பள்ளிவாசலில் தஸ்பீஹ் துதிகளை எண்ணுவது போல, விரல் மடிப்புகளில் பெருவிரலை வைத்துக் குருவிக் குரல்களை எண்ணுவார். வலக்கை மாம்பழத்திக்கு, இடக்கை கொண்டைக் குருவிக்கு, சுண்டுவிரல் மட்டும் புல்லுக்குருவிக்கு. வெளிச்சம் வந்து குரல்கள் ஒன்றோடொன்று கலந்த பிறகு கண்ணைத் திறந்து கொப்பியில் எழுதுவார். கண் ஏமாற்றும், ஒரே குருவியை மூன்று மரத்தில் காட்டும், காது அப்படிச் செய்யாது என்பது அவருடைய நம்பிக்கை. ஒவ்வொரு வருடமும் தை மாதத்து எண்ணிக்கையைக் கொழும்பிலுள்ள ஒரு பறவைச் சங்கத்துக்கு அனுப்பினார். கிண்ணியாத் தேநீர்க் கடைகளில் அவருக்குக் ‘காது ஜமால்தீன்’ என்றே பெயர்.

அவரை அறிஞர் என்று சொல்ல முடியாது. அவர் அறிந்த பறவைகள் அறுபதைத் தாண்டா. பொறுமைசாலி என்று சொல்லவும் தயக்கம்தான். மில்லில் பெல்ட் அறுந்தால் அவர் வாயிலிருந்து வரும் சொற்களை அங்கே வேலை செய்கிறவர்கள் அறிவார்கள். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். கேட்காத எதையும் கேட்டதாக அவர் ஒருநாளும் எழுதியதில்லை.

அந்த நேர்மைதான் வினையாயிற்று.

விடுமுறை நாட்களில் நாவற்குளத்துக்கு வரும் குடும்பங்கள் பெருகிவிட்டன. எட்டு மேடை போதவில்லை. கிழக்குக் கரையில் தண்ணீரோரமாக இடுப்பளவு புல் வளர்ந்த ஒரு நீள்வெளி இருக்கிறது. அதை வெட்டி மட்டப்படுத்தினால் இன்னும் பன்னிரண்டு கூடாரம் அடிக்கலாம், வாகனங்களும் நிற்கலாம். அங்கே கூடு கட்டும் உயிர் ஏதும் உண்டா என்று மேலிடம் திலக்சனைக் கேட்டது. அவர் ஜமால்தீனிடம் கேட்டார். அவர் அறிந்தவரையில் அந்தப் புல்லுக்குள் கூடு கட்டுவது புல்லுக்குருவி ஒன்றுதான். ஜமால்தீனின் கொப்பியில் அதற்கு எதிரே மூன்று வருடமாகப் பூச்சியம். போன தை மாதம் அவர் அந்தப் பூச்சியத்தை எழுதிவிட்டு, பெருவிரலைச் சுண்டுவிரலில் வைத்தபடி நெடுநேரம் இருந்தார். ஆனாலும் எழுதியதைத் தந்தார், கையெழுத்தும் போட்டார். மாசி மாதக் கடைசித் திங்கட்கிழமை இயந்திரம் வருவதாக முடிவாயிற்று.

அதற்கு முந்திய வியாழன் அவருடைய மனைவி பஸ்மியா தானும் வருவதாகச் சொன்னார். வீட்டில் தையல் வேலை செய்கிறவர். இந்தப் பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை.

“உனக்கு அங்க நித்திர வராது புள்ள. நுளம்பு.”

“நுளம்பு கிண்ணியாவுலயும் கடிக்குது. நீங்க அந்தக் காட்டுல ரெண்டாம் பொஞ்சாதி வெச்சிருக்கீங்களோ எண்டு ஒருக்காப் பாத்துட்டு வாறன்.”

“வெச்சிருந்தா உன்னக் கூட்டிட்டுப் போவனா?”

“அதான் கூட்டிட்டுப் போகாம இருந்தீங்க, இவ்வளவு காலமும்.”

போனார்கள். பஸ்மியா இரண்டு கதிரைகளும், சுடுதண்ணிப் போத்தலும், பொல் ரொட்டியும், தனக்கொரு தலையணையும் கொண்டுவந்தார். மோட்டார் சைக்கிள் ஒரு கடைபோல அசைந்து வந்ததைப் பார்த்துத் திலக்சன் வேலிக் கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தார்.

விடியற்காலை மெல்லிய பனிப்புகார். குளமும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தண்ணீரின் மேல் ஒரு நீர்க்காகம் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு போயிற்று. அப்படிப்பட்ட நேரத்தில் உலகம் இன்னும் தீர்மானிக்கப்படாத ஒன்றாகத் தோன்றும். நாம் பார்த்து முடித்தால்தான் அது உண்டாகும் போல இருக்கும். ஜமால்தீன் பாயில் கண்மூடி இருந்தார். பெருவிரல் மடிப்புக்கு மடிப்பு நகர்ந்தது. பஸ்மியா தன் கதிரையில், காலை மேலே தூக்கி மடித்துவைத்து, தேநீர் குடித்தபடி கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சாருங்க, அது என்ன?”

“ம்?”

“கத்திரிக்கோல் மாதிரி. டிக், டிக், டிக். ஆரோ துணி வெட்டுற மாதிரியே கிடக்கு.”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கவனித்தார். ஒரு செம்போத்து தூரத்தில் ஊம் ஊம் என்றது. மணிப்புறா. குளத்தில் மீன் துள்ளியது. கத்திரிக்கோல் இல்லை.

“இல்லியே.”

“இல்லியாம்! அந்தா, இப்பவும் வெட்டுது. அந்தப் புல்லுக்கு மேல. மேல போகுது, கீழ விழுகுது. சின்னனாக் கிடக்கு.”

அப்போதுதான் கண்ணைத் திறந்தார். புகாருக்குள் ஒரு பழுப்புப் பொட்டு, கண்ணுக்குத் தெரியாத படிகளில் ஏறுவது போல ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தது. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். புல்லுக்குருவி. ஒவ்வொரு படியிலும் அதன் அலகு திறந்து மூடியது. திறந்து மூடியது. அலகின் உட்புறம் வரை தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அதன் குரல் போய்விட்டதோ என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியதாம். ஒரு நோய், அல்லது வயலுக்கு அடிக்கும் மருந்து. அப்படி ஒரு எண்ணம் ஒரு மூச்சு நேரத்துக்காவது ஒருவனுக்கு வரும். குறை உலகத்தில் இருக்கட்டும், என்னில் வேண்டாம் என்கிற எண்ணம்.

“இப்பவும் கேக்குதா உனக்கு?”

“அலகத் திறக்கிற ஒவ்வொரு தரமும் கேக்குது.” பஸ்மியா அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “உங்களுக்குக் கேக்கல்ல.”

“மில்லுச் சத்தம்” என்றார் ஜமால்தீன். “முப்பத்தொரு வருஷம்.”

“பெரிய சத்தமெல்லாம் கேக்குதுதானே. நான் ஏசுறது கேக்குது.”

“நீ ஏசுறது மில்ல விடப் பெரிசு.”

இருவரும் சிரித்தார்கள்; சிரிப்பு நீளவில்லை. மொத்தம் ஐந்து ஆண் குருவிகள். ஐந்தும் அந்தப் புல்வெளிக்கு மேலே ஊமையாக ஏறி இறங்கின. ஒன்று புல்நுனியில் வந்திறங்கி, இழை போல ஏதோ வாயில் கவ்வி உள்ளே போயிற்று. கூடு இருக்கிறது. திங்கட்கிழமைக்கு மூன்று நாள்.

அன்று ஜும்ஆவில் குத்பாப் பிரசங்கம் என்ன சொன்னது என்று அவருக்குத் தெரியாது. ஒலிபெருக்கி அருகில்தான் இருந்தது. சனிக்கிழமை மில்லுக்குப் போனார். அவருக்குத் தெரிந்த ஒரே கௌரவம் அந்தக் காதுதான். பள்ளிக்கூடப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. கொழும்பிலிருந்து வந்த கடிதங்களில் மட்டும்தான் யாரும் அவரைத் ‘திரு’ என்று எழுதினார்கள். ஒரு சொல் சொன்னால் அவ்வளவும் போய்விடும். சொல்லாவிட்டால் புல் போய்விடும். புல் போனபின் அவருடைய பூச்சியம் உண்மையாகிவிடும். பிழையை எவரும் கண்டுபிடிக்கவே முடியாது. இந்த இரண்டாவது வழி எவ்வளவு வசதியானது என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது.

இன்னொன்றும் இருந்தது, சொல்லக் கடினமானது. அந்த மூன்று வருடக் காலைகளும் நிறைவானவை என்று அவர் எண்ணியிருந்தார். அந்தப் பூச்சியம் ஒன்றைத் தவிர, ஒரு காலையிலும் ஏதோ குறைகிறது என்று தோன்றியதில்லை. வெளிச்சம் மங்கினால் இருட்டு தெரியும். காது மங்கினால் அமைதிதான் தெரியும், அமைதியை எவர் குறை சொல்லுவார்? காட்டில் அமைதி கூடக் கூட அவர் மகிழ்ந்துகொண்டிருந்தார். வயதுக்கு ஏற்ற நிதானம் வருகிறதென்று நினைத்திருந்தார்.

சனி பின்னேரம் பஸ்மியா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“சொல்லப் போறீங்களா, இல்லியா?”

“சொன்னா ஊர் சிரிக்கும்.”

“ஊர் சிரிச்சா உங்களுக்குக் கேக்கவா போகுது?”

அவருக்குக் கோபம் வந்தது. எழும்பி வெளியே போனார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, அடுத்த நாள் காலை ரொட்டி வேண்டாம், வெறும் தேநீர் போதும், வெள்ளென வெளிக்கிடுகிறேன் என்றார்.

ஞாயிறு ஆறரைக்குத் தகரக் கொட்டிலின் முன்னால் திலக்சன் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வியாழன் அல்லாத நாளில் ஜமால்தீனைக் கண்டதில் ஆச்சரியப்பட்டு வாயைக் கொப்பளித்தார்.

“நானா, என்ன இது, ஞாயித்துக்கிழமையில? கூடாரமும் இல்ல.”

“தம்பி, மெசினை நிப்பாட்ட ஏலுமா?”

“ஏன்?”

“அந்தப் புல்லுக்குள்ள அஞ்சு சோடியாவது இருக்கும். கூடும் இருக்கு.”

“நீங்கதானே நானா இல்லையெண்டு எழுதித் தந்தனீங்கள். மூண்டு வருஷம்.”

“அது பிழை.”

“எப்பிடிப் பிழைக்கும்? நீங்களாச்சே.”

ஜமால்தீன் தன் வலக்காதைத் தொட்டார். ஒரு பொருளைக் காட்டுவது போல. “எனக்குக் கேக்கிறேல்ல. மெல்லிசான சத்தம் ஒண்டும் கேக்கிறேல்ல. இவ்வளவு காலமும் அது எனக்கே தெரியாது.”

திலக்சன் துவாயால் முகத்தைத் துடைத்தார். அதிக நேரம் துடைத்தார். பிறகு இருவரும் கிழக்குக் கரைக்கு நடந்தார்கள். குருவி எழும்பியது. ஜமால்தீன் விரலால் காட்டினார்.

“இந்தச் சத்தமா?” என்றார் திலக்சன். “சீ! இதை நான் ஒவ்வொரு நாளும் கேக்கிறனான். பூச்சியெண்டெல்லோ நினைச்சனான்.”

ஒருவருக்குக் கேட்டது, என்னவென்று தெரியவில்லை. மற்றவருக்கு என்னவென்று தெரியும், கேட்கவில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு குருவி மூன்று வருடம் இல்லாமல் போயிருந்தது.

திலக்சன் அங்கேயே நின்று தொலைபேசியில் இயந்திரச் சாரதியைப் பிடித்தார். நாளை வரவேண்டாம் என்றார். மறுமுனையில் ஏதோ சத்தம் போட்டார்கள். அது ஜமால்தீனுக்கே கேட்டது. மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், மேடைகளை வாசலருகே கல்தரையில்தான் போட வேண்டிவரும், தண்ணீர் தூரம், வருகிறவர்கள் முறைப்பாடு செய்வார்கள். இதையெல்லாம் திலக்சன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் மகிழ்ச்சியாக இருந்தார் என்று சொல்ல முடியாது.

“எழுதித் தர வேணும் நானா. பழைய எண்ணிக்கை பிழையெண்டு. உங்கட கையெழுத்தோட.”

“ஓம்.”

“கொழும்புக்கும் ஒரு பிரதி.”

“ஓம், அதுக்கும்.”

“இந்தக் குருவி மட்டும்தானா பிழை? வேற எதெது?”

ஜமால்தீன் எழுதுவதற்குப் பேனையை எடுத்திருந்தார். அந்தக் கேள்வியை அவர் நினைக்கவில்லை. தனக்குக் கேட்காதவை எவை என்று ஒருவன் எப்படிப் பட்டியல் போடுவது?

“எனக்கு எப்பிடித் தம்பி தெரியும்?” என்றார்.

திலக்சன் கரையோர மரங்களைக் காட்டினார். “அப்ப நடப்பம். எனக்குக் கேக்கிற நேரமெல்லாம் கையைத் தூக்கிறன். உங்களுக்குக் கேக்குதோ இல்லையோ சொல்லுங்கோ. என்ன குருவியெண்டு கண்ணாலை பாத்து நீங்க சொல்லுங்கோ.”

குளக்கட்டு வழியாக நடந்தார்கள். புகார் கலைந்து, தண்ணீர் மேல் வெயில் மெல்லப் பரவத் தொடங்கியிருந்தது. திலக்சன் கையைத் தூக்கினார். மாம்பழத்தி. “கேக்குது.” கையைத் தூக்கினார். தேன்சிட்டு, பாலை மரத்தில். ஜமால்தீன் இலைகளையே பார்த்தார். “இல்ல.” எழுதிக்கொண்டார். மீண்டும் கை. “கேக்குது, கொஞ்சம்.” மீண்டும். “இல்ல.” ஈச்சம் பற்றைக்குள் இன்னொன்று, பெயர் தெரிந்தது. “இல்ல.” பட்டியல் அவர் பயந்ததைவிட நீளமாக இருந்தது.

பாதி தூரத்தில் அவர் மரங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டார். திலக்சனின் முகத்தைப் பார்த்து நடந்தார். ஒரு குரல் வரும்போது, கை எழும்புவதற்கும் முன்னால், அந்த முகத்தில் ஏதோ நின்றது. புருவம் அசையாது, கண் எங்கும் பார்க்காது, உதடு சற்றே திறக்கும். கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மனித முகத்தை அவர் அவ்வளவு அருகில் பார்த்ததே இல்லை. பதினொரு வருடமும் கண்ணை மூடிக்கொண்டல்லவா இருந்தார்.

“நானா, முன்னுக்குப் பாத்து நடவுங்கோ. விழப்போறீங்கள்.”

“நீ கேள் தம்பி” என்றார் ஜமால்தீன். “நான் பாக்கிறன்.”