இடது பக்கம் உம்மா, வலது பக்கம் அருவி

ஆனி மாதம் பிறந்துவிட்டால் வாப்பா போனில் கேட்கும் முதல் கேள்வி என் படிப்பைப் பற்றியோ உம்மாவின் உடம்பைப் பற்றியோ இருக்காது. "சாரல் விழுதா?" என்பதாகத்தான் இருக்கும். அவர் சவுதியில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே வெயில் தீயாக இறங்கும் மாதங்களில், இங்கே தென்காசியில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மேற்கே மலை இருந்த இடத்தில் மலை இருக்காது. மேகம்தான் இருக்கும். காற்றில் பூப்பூவாகத் தண்ணீர் மிதந்து வந்து முகத்தில் ஒட்டும். "விழுது" என்று உம்மா பதில் சொல்வாள். காத்து உண்டா, வெயில் இடையில் அடிக்கிறதா, ஐந்தருவியில் தண்ணீர் எப்படி என்று வாப்பா ஒவ்வொன்றாகக் கேட்பார். உம்மாவும் பொறுமையாகப் பதில் சொல்வாள். மற்ற வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் போனில் என்னென்னவோ பேச, எங்கள் வீட்டில் மட்டும் வானிலை அறிக்கை வாசிக்கப்படுவதாக மாமா கேலி செய்வார்.

மாமா உம்மாவுக்கு ஒரே தம்பி. ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு செல்போன் கடையின் மாடியில் ஒலிப்பதிவு அறை வைத்திருந்தார். அறை முழுக்கப் பழைய ஜமுக்காளங்களை ஆணியடித்துத் தொங்கவிட்டிருப்பார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் காதை யாரோ உள்ளங்கையால் பொத்தியதுபோல இருக்கும். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார்களே, அந்த விளம்பரங்களைப் பதிவு செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, பாவூர்சத்திரத்தில் புதிதாகத் திறக்கிற உரக்கடை, செங்கோட்டையில் இலவசக் கண் பரிசோதனை. எல்லாவற்றுக்கும் மாமாவின் குரல்தான். எல்லாம் மோனோ. அந்தச் சொல்லை உச்சரிக்கும்போதே மாமாவின் முகம் கசப்பு மருந்து குடித்தவர்போல ஆகிவிடும். மோனோ என்பது சோறு, குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே உருண்டையாகப் பிசைந்து ஊட்டுவது, ஸ்டீரியோ என்பது இலையில் தனித்தனியாகப் பரிமாறுவது என்று எனக்கு விளக்கம் சொன்னார். எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. பிசைந்து ஊட்டினால்தான் எனக்கு இறங்கும் என்பதால் அந்த விளக்கம் சரியாகப் பிடிபடவில்லை.

அந்த வருஷம் மாமா புதிதாக ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி வாங்கியிருந்தார். உச்சியில் வண்டின் கொம்புகள்போல இரண்டு மைக் நீட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, பெரிய ஹெட்போனைத் தலையில் மாட்டிக் கண்ணை மூடச் சொன்னார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு இடது பக்கம் வெகுதூரத்தில் ஒரு ரயில் கூவியது. அது வந்தது. என் இடது காதுக்குள் நுழைந்து, நெற்றிக்குப் பின்னால் தடதடவென்று ஓடி, வலது காது வழியாக வெளியேறிச் செங்கோட்டைப் பக்கம் போய் மறைந்தது. நான் நாற்காலியோடு சேர்ந்து திரும்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, மாமா சிரித்தார். கண்ணைத் திறந்தால் அதே ஜமுக்காளம், அதே அறை. என் தலைக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அன்று முழுக்க ஒரு காதைப் பொத்துவதும் திறப்பதுமாகத் தெருவில் நடந்தேன்.

வாப்பாவுக்குச் சாரலையே அனுப்பிவிடலாம் என்ற யோசனை யாருடையது என்று இப்போது நினைவில்லை. மாமா தன்னுடையது என்பார். எப்படியோ, ஒரு காலை நாங்கள் மூவரும் ஐந்தருவிக்குப் போனோம். அருவியடியில் ஒரே கூச்சல், போலீஸ் விசில், எண்ணெய் வாசனை. மாமா அதற்குச் சற்றுக் கீழே, தண்ணீர் பாறைகளுக்கிடையே பிரிந்து ஓடும் இடத்துக்கு இறங்கிப் போனார். கருவிக்குக் குடை பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடி நின்றார். நானும் உம்மாவும் மேலே மரத்தடியில் நின்றோம். சாரல் நெய்த துணிபோல அசைந்து அசைந்து இறங்கியது. உம்மாவின் முக்காட்டு ஓரமெல்லாம் நீர்ப்பொடி. பேசக் கூடாது என்று மாமா சைகை காட்டியிருந்ததால் நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசாமல் நின்றோம். எதிரே எல்லாம் வெள்ளையாக இருந்தது. நான் நின்றபடியே தூங்கிவிட்டேனா, இல்லை தூக்கம்போன்ற ஒன்றா, தெரியாது. உம்மாவின் கை மட்டும் என் தோளில் சூடாக இருந்தது. உம்மா ஏதோ மெல்லியதாக முனகிக்கொண்டிருந்தாள். அதுதான் பாட்டாயிற்று.

உம்மா நன்றாகப் பாடுவாள் என்பது கல்யாண வீடுகளில் பெண்கள் கூடும் அறைகளுக்குள் மட்டும் தெரிந்த சங்கதி. தம்பி முன்னால்கூடப் பாடியதில்லை. ஒலிப்பதிவு அறையில் மாமா அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்ட பிறகுதான் குரல் வந்தது.

மேற்கே மேகம் இறங்குது மச்சான்,
மெல்லச் சாரல் தூவுது,
துவைச்சுப் போட்ட உங்க சட்ட
காயாமலே ஆடுது.

இப்படி நாலைந்து அடிகள். வாப்பாவின் சட்டைகளை உம்மா மாதம் ஒருமுறை எடுத்துத் துவைத்துப் போடுவது வழக்கம். யாரும் உடுத்தாத சட்டையை எதற்குத் துவைக்க வேண்டும் என்று நான் கேட்டதுண்டு. பாட்டு முடிந்ததும் எனக்கும் ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். மைக்கில் வாயை வைத்து, "வாப்பா, எனக்கு முன்பல்லு விழுந்து வேற பல்லு முளைச்சிட்டு. நீங்க எப்ப வருவிய?" என்று கேட்டேன்.

மாமா இரண்டு நாள் அந்தப் பாட்டோடு மல்லுக்கட்டினார். கடைசியில் எங்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். இடது பக்கம் முழுக்க உம்மா, முடிவில் என் பேச்சு. வலது பக்கம் முழுக்க அருவி. "மச்சான் கண்ண மூடுனா ஐந்தருவிப் பாறையில உக்காந்திருக்கணும். இந்தப் பக்கம் அருவி, அந்தப் பக்கம் நீ" என்று அக்காவிடம் சொன்னார். உம்மா வெட்கப்பட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் ஹெட்போனைக் கழற்ற மறுத்துவிட்டேன். இடது காதில் உம்மாவின் மூச்சுகூடக் கேட்டது. வலது காது குளிர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு வாட்ஸ்அப்பில் சவுதிக்குப் போனது. இயர்போன் மாட்டிக் கேட்க வேண்டும், அப்படியே போனில் போட்டுக் கேட்டால் பாவம் சுற்றிக்கொள்ளும் என்று மாமா எச்சரிக்கையும் சேர்த்து அனுப்பினார்.

வாப்பா வெள்ளிக்கிழமைதான் பேசுவார். அந்த வெள்ளி நாங்கள் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் உம்மா. வாப்பாவின் குரல் சந்தோஷமாக வந்தது. அருவி பக்கத்தில் விழுவதுபோலவே இருந்ததாம். கேட்கக் கேட்க உடம்பு நனைந்துவிட்டதாம். கூட இருக்கிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினாராம். தண்ணீரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். உம்மா காத்திருந்தாள். பிறகு மெதுவாக, பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டாள்.

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"பாட்டும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் வாப்பா.

நான் போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டேன். கடைசியில் நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையே என்றேன். "ஆமாம்மா, நீயும் ரொம்ப நல்லாப் பாடியிருந்த" என்றார்.

நான் பாடவே இல்லை. பல்லைப் பற்றிச் சொன்னேன், எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். அதற்கு நல்லாப் பாடினாய் என்றால் என்ன அர்த்தம்? போனை உம்மாவின் மடியில் போட்டுவிட்டு மாடிக்கு ஓடிப்போய் அழுதேன். வாப்பா என் பேச்சைக் கேட்கவே இல்லை, தண்ணீரை மட்டும் கேட்டுவிட்டு மூடிவிட்டார் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது. உம்மா மேலே வந்தாள். சமாதானம் சொல்வாள் என்று பார்த்தால், அவர் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். உம்மா கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி மேற்கே பார்த்தபடி நின்றாள். அங்கே மேகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலையிலேயே மாமாவிடம் போனோம். முதலில் மாமா கோபித்துக்கொண்டார். அனுப்பியதில் ஒரு கோளாறும் இல்லை, மச்சானின் இயர்போன் ஓட்டையாக இருக்கும் என்றார். இயர்போன் போன மாதம்தான் வாங்கினாராம் என்றாள் உம்மா. அப்புறம் அவள் குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டாள். மாமா ஹெட்போனை மாட்டி, இடது பக்கத்தைக் காதிலிருந்து ஒதுக்கிவிட்டு, வலது பக்கம் மட்டும் வைத்துப் பாட்டை முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வெறும் தண்ணிதான் லாத்தா" என்றார் அக்காவிடம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ கெட்ட சேதி வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் யாரும் வரவும் இல்லை, போன் அடிக்கவும் இல்லை. மாமா போனை எடுத்து, மச்சானிடமே கேட்டுவிடுகிறேன் என்றார். உம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுக சொல்லலைல்லா? நாம கேக்க வேண்டாம். எல்லாத்தையும் ஒண்ணாக்கிப் போடு" என்றாள்.

ஒன்றாக்கினால் மோனோ ஆகிவிடும், பாறையும் இருக்காது, நடுவில் உட்காரும் இடமும் இருக்காது, எல்லாம் ஒரே இடத்தில் குமிந்துவிடும் என்று மாமா முனகினார். ஆனாலும் விரல்கள் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தன. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். அருவி ஒரு குழாய்த் தண்ணீர்போல ஒடுங்கிவிட்டது. உம்மாவின் குரல் அதற்குள் நனைந்து, என் நெற்றிக்கு நடுவில் ஒரே புள்ளியில் நின்றது. இரண்டு காதிலும் அதேதான். அவ்வளவு பெரிய மலையை ஒரு பெட்டிக்குள் திணித்துப் பூட்டியதுபோல இருந்தது. இது வேண்டாம், பழையதுதான் நல்லா இருக்கு என்று நான் அடம்பிடித்தேன். மாமாவே மோனோவுக்குச் சம்மதித்துவிட்டாரே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பாட்டு சவுதிக்குப் போனதும், வெள்ளிக்கிழமை வரும்வரை காத்திராமல் வாப்பா அன்று சாயங்காலமே கூப்பிட்டார். பின்னணியில் பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது. உம்மா பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிடச் சொன்னார். "அடுத்த ஆனிக்குள்ள வந்துருவேன். வந்ததும் மொதல்ல அந்தப் பல்லக் காட்டணும்" என்றார். நான் உடனே சமாதானமாகிவிட்டேன். மட்டமான பாட்டைக் கேட்டு மட்டும் எப்படிச் சரியான பதில் சொல்கிறார் என்று ஒரு கணம் யோசித்ததோடு சரி.

பட்டறையில் இரும்பு வெட்டும் எந்திரத்தின் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றதில் வாப்பாவின் இடது காது முற்றிலும் போயிருந்தது. இது எனக்குத் தெரிந்தது நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு, காது டாக்டரிடம் அவரே சொல்லக் கேட்டபோதுதான். வீட்டில் தெரிந்தால் வேலையை விட்டு வரச் சொல்லிவிடுவார்கள், தன் தங்கையின், அதாவது என் பெரிய மாமியின் கல்யாணம் அப்போதுதான் கூடி வந்திருந்தது என்றார். அந்த வெள்ளிக்கிழமை எங்களிடம் பேசி முடித்ததும் அவருக்கு விஷயம் பிடிபட்டிருக்கிறது. இடது காதுக்கானதை எடுத்து வலது காதில் மாட்டிக் கேட்டிருக்கிறார். உம்மா பாடினாள், ஆனால் அருவி இல்லை. மாற்றி மாட்டினால் அருவி விழுந்தது, உம்மா இல்லை. இரவெல்லாம் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தாராம். அதற்கு மறுநாள் வந்த பாட்டில்தான் உம்மா சாரலில் நின்று பாடினாள் என்றார். டாக்டர் இதையெல்லாம் எழுதிக்கொள்ளவில்லை.

சொன்னபடி அடுத்த வருஷம் ஆனிக்கு வாப்பா வரவில்லை. லீவு தள்ளிப்போய் ஆவணி ஆகிவிட்டது, சாரலும் முடிந்திருந்தது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு மாமா ஒரு வேன் பிடித்து வந்தார். பல்லை அங்கேயே காட்டிவிட்டேன். மாமா முன்னால் டிரைவரோடு உட்கார, நாங்கள் மூவரும் பின்னால். உம்மா என்னை வலது பக்கம் போகச் சொன்னாள். நான் இடது ஜன்னல்தான் வேண்டும் என்று கத்தினேன். தென்மலையில் அந்தப் பக்கம்தான் ரயில் பாலம் தெரியும் என்பது என் கட்சி. "புள்ளைய விடு" என்றார் வாப்பா. அதனால் வாப்பா நடுவில், இடப்பக்கம் நான், வலப்பக்கம் உம்மா.

புனலூர் தாண்டியதும் ரப்பர் மரங்களின் நிழலும் வெயிலும் மாறி மாறி எங்கள் மேல் ஓடின. நான் வாப்பாவின் இடது தோளில் தொங்கிக்கொண்டு, இரண்டு வருஷத்துக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தேன். டீச்சர் என்னை லீடராக்கியது, பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் அலமாரியில் குட்டி போட்டது, மாமா என் தலைக்குள் ஓடவிட்ட ரயில். வாப்பா என் முகத்தையே பார்த்துத் தலையாட்டினார். அப்போதுதான் கவனித்தேன், அந்தப் பக்கம் உம்மாவும் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே பார்த்தபடி, மெல்லிய குரலில், நான் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அலமாரியில பூனை குட்டி போட்டுட்டாம். மூணு குட்டியாம். வாப்பா ஒருமுறை அவள் பக்கம் திரும்பி நெடுநேரம் பார்த்தார். உம்மா அவரைப் பார்க்கவில்லை, நிறுத்தவும் இல்லை. வாப்பா மறுபடி என் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. மலைக்காற்று என்று நினைத்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் சேர்த்து வைத்த கதைகள் என்னுடையவை. பூனையை முதலில் பார்த்ததே நான்தான்.

"நாந்தான் சொல்லுதேம்லா, நீ எதுக்கு உம்மா கூடக் கூடச் சொல்லுத?" என்றேன்.

"நீ சொல்லு" என்றாள் உம்மா. "நான் சும்மா சொல்லிப் பாக்கேன்."