தம்பதி அறைக்கு வந்த மாமியாரும் மருமகளும்

அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுப் பக்கம் விருந்தினர்களை ஏற்றிச் செல்லும் ஒரு சொகுசுப் படகில் வேலை பார்க்கிறேன். சின்னப் படகுதான், நான்கே அறைகள். படுக்கை விரிப்பது, பரிமாறுவது, வந்தவர்களுக்கு வேண்டியதைக் கவனிப்பது என் பொறுப்பு. அப்பா தூத்துக்குடியிலிருந்து மீன்பிடிக்க இங்கே வந்தவர். அதனால் தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் கேப்டன் என்னைத்தான் முன்னால் அனுப்புவார்.

அன்று பெரிய அறைக்கு வருவது ஒரு தம்பதி என்றார்கள். இருபத்தைந்தாவது திருமண நாளாம். காலையிலேயே கட்டிலில் ரோஜா இதழ்களை இதய வடிவில் பரப்பினேன். வெள்ளைத் துண்டுகளை மடித்து இரண்டு அன்னங்கள் செய்து, மூக்கோடு மூக்கு தொடும்படி வைத்தேன்.

படகுத்துறையில் காரிலிருந்து இறங்கியதோ இரண்டு பெண்கள். ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும். மற்றவர் எழுபதைத் தாண்டியவர்.

"வாங்கம்மா. சார் பின்னாடி வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"அவர் இல்லீங்க. பொங்கலுக்கு முந்தி தவறிட்டாரு," என்றார் இளையவர். "இவங்க அவரோட அம்மா. அவர் ஆசையா புக் பண்ணி வெச்ச டிரிப்புங்க. கேன்சல் பண்ண மனசு வரலை."

என் முகத்தைப் பார்த்தே கேப்டனுக்குப் புரிந்துவிட்டது. "ஜல்தி நீச்சே ஜா," என்றார் மெதுவாக. அவசரமாகக் கீழே அறைக்கு ஓடினேன். இதழ்களை அள்ளிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் கைப்பிடியைப் பிடித்தபடி உள்ளே வந்துவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து ஓர் அன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எடுக்காத கண்ணு. அழகாத்தான் இருக்குது," என்றார்.

படகு கிளம்பியபின் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. முன்தளத்தில் மருமகள், பின்தளத்தில் மாமியார். தேநீர் கொண்டுபோனபோது பெரியவர் சொன்னார்: "ஊருக்குப் போனதும் பெங்களூர்ல மக வூட்டுக்குப் போயிருவேன். மகனே இல்லாத வூட்டுல நான் எதுக்கு அவளுக்குப் பாரமா?" முன்பக்கம் போனால் மருமகள் வேறு மாதிரி சொன்னார்: "என்னைப் பார்த்தாலே அத்தைக்கு அவர் ஞாபகம் வருதுங்க. அதான் போறாங்க. நான் எப்படித் தடுக்கறது?"

காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு திரும்பினேன். விருந்தினர் வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்.

நடுக்கடலுக்கு வந்ததும் அலை எழும்பியது. பெரியவருக்கு வாந்தி. மருமகள் ஓடிவந்து ஒரு கையால் நெற்றியைத் தாங்கி, மறு கையால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"விடு கண்ணு, உனக்கு எதுக்கு இந்தத் தொல்லை," என்று பெரியவர் முனகினார்.

"தொல்லைன்னு நான் சொன்னனுங்களா?" மருமகளின் குரல் உடைந்தது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மருமகள் பக்கம் திரும்பினேன். "அம்மா, இவங்க உங்களுக்குப் பாரமா இருக்கோம்னு நெனச்சுப் போறாங்க. நீங்க இவங்க போறதுதான் நல்லதுன்னு நெனச்சு சும்மா இருக்கீங்க. தோடா... கொஞ்சம் பேசிக்கோங்களேன், ரெண்டு பேரும்," என்றேன். சொன்னபிறகு பயமாக இருந்தது. எலுமிச்சை பிழிந்து வருகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பெரியவர் மருமகளின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். இருவரும் அழுதிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள், அலையில்லாத ஒரு கரையோர வளைவில் நங்கூரம் போட்டோம். மருமகள் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, ஏணியின் கடைசிப் படியில் வெகுநேரம் யோசித்துவிட்டு, தண்ணீரில் இறங்கினார். நானும் கூடவே இறங்கினேன். "தூரமா போகாத! அந்தப் புள்ளை கையைப் புடிச்சுக்க!" என்று மேலிருந்து மாமியார் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். மருமகள் மல்லாந்து மிதந்து, வாய்விட்டுச் சிரித்தார்.

திரும்பும் வழியில், போர்ட் பிளேர் நெருங்க, போனில் சிக்னல் வந்தது. பெரியவர் மகளை அழைத்தார்.

"நான் அங்க வரலை சாமி. கோவிச்சுக்காத. லீவுக்கு நீங்க எல்லாரும் நம்ம வூட்டுக்கு வாங்க. உங்க அண்ணி வேலைக்குப் போயிட்டு வந்தா வூட்டுல ஒரு ஆள் வேணுமல்ல?"

மருமகள் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். "அத்தை, ஸ்வெட்டரை வெளிய வெச்சிருக்கனுங்க. ஃபிளைட்ல குளிரும்," என்றார்.