கொப்பரைக் களத்தில் கேட்ட கேள்வி

ஒரு பெண்ணின் வேலையைப் பறித்த மொட்டைக் கடிதத்தை எழுதியவன் நான். எழுபத்தொன்பது வயதில் இதை இனி ஒளித்து வைப்பதற்கில்லை. அந்தக் கடிதம் இப்போது என்னிடம் இல்லை. அதன் வாசகம் மட்டும் ஒரு பழுப்புத் தாள்துண்டில், அந்தப் பெண்ணின் உருண்டைக் கையெழுத்தில், என் மேசைமேல் இருக்கிறது. கடைசி வரிக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு அவர் இடம் விட்டிருந்தார்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளியில் நான் அப்போது தமிழாசிரியர். ஆண்டுவிழா என்றால் என் செய்யுள் நாடகம்தான். அட்டைக் கிரீடம் வைத்த அரசர்கள் வந்து போவார்கள். அங்கே பகுதிநேரமாக நாடகம் கற்பிக்க அவர் வந்தார். எல்லோருக்கும் அவர் நாடக டீச்சர். முதல் வருடமே ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தைக்கும் பெண்களின் கதையை மேடையேற்றினார். மாணவிகள் வீட்டில் பேசுகிற பேச்சையே பேசினார்கள். என் அரசர்களைப் பார்த்துக் கொட்டாவி விட்ட பெற்றோர்கள் அன்று அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மொத்தம் ஒன்பது நாடகங்கள் எழுதினார். எதிலும் பேய் கிடையாது. இருந்தும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நடந்து வருவது போலவே இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி கேட்கப்படும். பதில் தெரிந்தவர் பெரும்பாலும் பார்வையாளர்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். நெசவாளர் நாடகத்தில் தறிச் சத்தம் சட்டென்று நின்றபோது, யாரும் எதுவும் சொல்லாமலே ஒரு தறி முதலாளி எழுந்து வெளியே போனதை நான் பார்த்தேன்.

முழுப் பிரதியை அவர் யாருக்கும் காட்டியதில்லை. நடிகர் கையில் ஒரு தாள்துண்டுதான் கிடைக்கும். அதில் அவருடைய வசனமும், அதற்கு முன் காதில் விழ வேண்டிய கடைசிச் சொற்களும் மட்டும் இருக்கும். "அடுத்த ஆளு என்ன சொல்லப் போறாங்கன்னு தெரிஞ்சுட்டுங்களா சார் ஊட்ல பேசறோம்?" என்பார்.

ஒத்திகை என்ற பெயரில் மாணவிகளை ஊர் ஊராக அழைத்துப்போய் ஆண்களோடு பழக விடுகிறார் என்று அந்த மொட்டைக் கடிதத்தில் எழுதினேன். முழுப் பொய். நிர்வாகம் கடிதத்தின் நகலை அவரிடமே கொடுத்து விளக்கம் கேட்டது. விளக்கம் கொடுத்தும் நீக்கிவிட்டது. அடுத்த ஆண்டுவிழாவுக்கு என் அரசர்கள் திரும்பி வந்தார்கள்.

ஒரு வருடம் கழித்து அவர் என் வீட்டு வாசலில் நின்றார். "ஏனுங்க சார், கிணத்துக்கடவுல நாடகம் போடறனுங்க. மாமனார் வேசத்துக்கு உங்க குரல்தான் வேணுமுங்க." அவருக்கு எதுவும் தெரியாது என்று நம்பினேன். குரலைப் புகழ்ந்ததும் பிடித்திருந்தது. போனேன்.

கொப்பரை காயப்போடும் களத்தில் ஒத்திகை. என் தாள்துண்டைப் பிரித்தேன். பள்ளியில் நாடகம் கற்பிக்கும் மருமகளைப் பற்றி வீட்டுக்கு வந்த மொட்டைக் கடிதம் ஒன்றை மாமனார் உரக்கப் படிக்க வேண்டும். அது என் கடிதம். ஒரு சொல்கூட மாறவில்லை.

"எழுத்துத் தெரியலீங்களா சார்? கண்ணாடி வேணுங்களா?" என்றார் டீச்சர், மிகுந்த மரியாதையோடு.

மறுநாளே துண்டைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். மாமியாராக நடித்த களத்துக்காரரின் மனைவி சிரித்தார். "சாரு அவரே எழுதுனாப்பல படிக்கறாருங்க! நமக்கு நாலு வரி ஏற மாட்டீங்குது." டீச்சர் சிரிக்கவில்லை.

கடிதம் முடிந்ததும் மருமகள் கேட்பாள்: "படிச்சீங்க, சரிங்க மாமா. எழுதுனது யாருங்க?" அதற்குப் பதில் எழுத வேண்டிய இடம்தான் என் துண்டில் காலியாக இருந்தது. ஒத்திகையில் அந்தக் கேள்வி வந்ததும் டீச்சர் கைதட்டி நிறுத்திவிடுவார். "மீதிய மேடையில பாத்துக்கலாமுங்க சார்."

நாடகத்தன்று, வெயில் இறங்கும் நேரம். முன்வரிசையில் எங்கள் பள்ளிச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். டீச்சர் அழைத்திருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் ஒரு பெயரைச் சொன்னால் போதும். டீச்சர்மேல் விழுந்த பழி போகும், வேலை திரும்பக் கிடைக்கும்.

மருமகள் கேட்டாள். அந்தப் பெண் இமைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையோரம் டீச்சர் நின்றிருந்தார்.

"தெரியாதும்மா" என்றேன்.

திரை விழுந்தது. நாடகம் அவ்வளவுதான் என்று நினைத்து ஜனங்கள் எழுந்து போனார்கள். அதுதான் ஒன்பதாவது நாடகம். அதன்பின் அவர் எழுதவில்லை. எந்தப் பள்ளியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நான் தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றேன். கடிதம் என்னுடையது என்று அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன வருடம் டீச்சர் இறந்துபோனார். மருமகளாக நடித்தவர் ஈரோட்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய நடிகர்களிடமிருந்து துண்டுகளை வாங்கி ஒட்டி, நாடகங்களை ஒவ்வொன்றாக மீண்டும் போட்டு வருகிறார். எனக்கும் போன் செய்தார். "கடேசி நாடகம் போடறமுங்க சார். துண்டு வெச்சிருக்கறீங்களா?"

"துண்டும் இருக்குது, நானும் இருக்கறேன் அம்மணி" என்றேன்.

அதே களம். அன்று நரை பூசிக்கொண்டு நடித்த வேடத்துக்கு இப்போது பூச்சு தேவைப்படவில்லை. செயலாளர் காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கேள்வி வந்ததும் என் சொந்தப் பெயரை, இனிஷியலோடு, வேலை பார்த்த பதவியோடு சொன்னேன். அதோடு நாடகம் முடியும் என்றே நினைத்திருந்தேன். ஆனால் இம்முறையும் மருமகளாக நடித்த அந்த நர்ஸ் என்னைப் பார்த்து, நான் ஒருநாளும் கேட்டிராத வசனம் ஒன்றைச் சொன்னார்.

"சோறு ஆறிப்போச்சுங்க மாமா. பரவால்லீங்க, உக்காருங்க."

கூட்டம் கைதட்டியது. நான் என் பெயரைச் சொன்னதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு அவர் தம் துண்டைக் காட்டினார். மற்ற இடங்களிலெல்லாம் 'மாமனார்' என்று எழுதிய டீச்சர், அந்த வசனத்துக்கு மேலே மட்டும் 'சார் தம் பெயரைச் சொன்னதும்' என்று எழுதியிருந்தார்.

"அப்பவே தெரியுமா அம்மணி?"

"தெரியாமங்களா சார்? அன்னைக்கு இந்தப் பேச்சை வாயிலயே வெச்சுட்டு நின்னேனுங்க. 'அவரா சொல்லாம நீ வாயத் தொறக்கப்படாது கண்ணு'ன்னு டீச்சர் சத்தியம் வாங்கிப்போட்டாங்க."

நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டுப் பள்ளிக்கு அனுப்பினேன். பகுதிநேர ஊழியர்களின் பழைய பதிவேடுகள் இல்லை, அப்படி ஒருவர் பணியாற்றியதாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது. அன்று மேடையில் நான் சொன்ன பதில்தான் அது.

மருமகளாக நடித்தவர் தந்துவிட்டுப் போன துண்டும் என்னுடையதும் இப்போது என் மேசைமேல் அருகருகே கிடக்கின்றன. என் துண்டில் டீச்சர் விட்ட இடத்தில் பேனாவால் என் பெயரை எழுதிவிட்டேன். மருமகளின் துண்டைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். சோறு ஆறுது என்று டீச்சர் எழுதவில்லை. ஆறிப்போச்சு என்று எழுதியிருக்கிறார், நாடகம் மேடையேறுவதற்கு முன்பே.