கமிஷனுக்கு முன்னால் கரிசல் மண்

இந்த வருஷம், 2002 மார்ச் மாதம், கோவில்பட்டியில் நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சரிப்படும்.

1. செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வரும் குழுவை நாங்கள் ‘கமிஷன்’ என்போம். அவர்கள் முன்னால் நான் ஏழாம் வகுப்புக்கு மண் வகைகள் பாடம் நடத்த வேண்டும்.
2. அதே பாடத்தை அதே பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமையே நடத்தி ஒத்திகை பார்த்துவிட்டேன்.
3. மூன்று புனல்களில் மணல், செம்மண், கரிசல். தண்ணீர் ஊற்றியதும் மணலில் மடமடவென்று இறங்கியது. நான் பிசைந்து வைத்திருந்த ஈரக் கரிசலில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. புத்தகத்தில் இருந்தபடியே!
4. புனல்களை மண்ணோடு ஜன்னலோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.
5. திங்கட்கிழமை கமிஷன் வந்தது.

“ஏட்டி, நீ பாடம் நடத்துதியா, நாடகம் போடுதியா?” என்று கூடப் படித்த தோழி கிண்டல் செய்தாள். நான் கண்டுகொள்ளவில்லை. கழுகுமலை போகிற வழியில் ஒரு பள்ளியில், நான் தேர்ச்சி பெற்றால் வேலை என்று சொல்லியிருந்தார்கள். கமிஷனில் சறுக்கினால் அதுவும் போய்விடும்.

கமிஷனில் வந்த தேர்வாளர் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். நான் கரிசல் புனலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, “எப்படி இறங்கும்?” என்று கேட்டேன்.

“சொட்டுச் சொட்டா இறங்கும், டீச்சர்!” என்று வகுப்பே ஒரே குரலில் கத்தியது.

தண்ணீர் கடகடவென்று கொட்டியது. மணலைவிட வேகமாக. மேஜை நனைந்து என் செருப்பு வரை வந்துவிட்டது. பிள்ளைகளோ அதைப் பார்த்துக்கொண்டே மறுபடியும், “சொட்டுச் சொட்டா இறங்கும், டீச்சர்!” என்றார்கள்.

ஒரு சிறுமி மட்டும் எழுந்தாள். வெள்ளிக்கிழமை அம்மாவோடு பருத்தி எடுக்கப் போய்விட்டதால் ஒத்திகைக்கு வராதவள்.

“டீச்சர், கரிசல்ல கடகடன்னுல்லா கொட்டுது?”

பக்கத்தில் இருந்தவள் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். “சும்மா இருட்டி! சொட்டுச் சொட்டான்னுதான் சொல்லணும். டீச்சர் அன்னைக்கே சொல்லிட்டாவ.”

அது கடைசி பெஞ்ச் வரை கேட்டது. எனக்குக் காது சூடாகிவிட்டது. “வெள்ளிக்கிழமையே நடத்திட்டேன், மேடம்” என்று ஒப்புக்கொண்டேன்.

“எல்லாரும் பண்றதுதான். இப்ப இந்தத் தண்ணிக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?” என்றார் அவர்.

அந்தச் சிறுமியிடமே, “ஏன் கொட்டுது?” என்று கேட்டேன்.

“காஞ்சு வெடிச்சுல்லா கெடக்கு, டீச்சர். எங்க காட்டுலயும் மொத மழை வெடிப்புக்குள்ளதான் போவும். நனைஞ்சு மூடுன பொறவுதான் தண்ணி நிக்கும்.”

புனலுக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு நாள் வெயிலில் மண் சுருங்கி, ஓரமெல்லாம் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. இதே ஊர்க்காரி நான், பி.எஸ்ஸி. இயற்பியல் வேறு. எனக்குத் தோன்றவே இல்லை.

“அப்போ இன்னும் ஊத்திப் பார்ப்போமா?”

பெஞ்சில் ஒருவர்கூட உட்காரவில்லை. “நிக்கும்!” என்று ஒரு கட்சி, “நிக்காதுல, பந்தயமா?” என்று ஒரு கட்சி. ஊற்றினோம், காத்திருந்தோம், திரும்ப ஊற்றினோம். மண் மெதுவாக ஊறி, உப்பி, பிளவுகள் குறுகின. கொட்டியது ஒழுகலாகி, ஒழுகல் சொட்டாகியது. பிள்ளைகள் சொட்டுகளைச் சத்தமாக எண்ணினார்கள். மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. தேர்வாளர் அம்மாவும் எழுந்து வந்து, பிள்ளைகளின் தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன மதிப்பெண் வரும் என்பதையே அந்த அரை மணி நேரம் நான் மறந்துபோனேன்.

போன வாரம் முடிவு வந்தது. நினைத்த அளவு மதிப்பெண் இல்லை, ஆனால் தேர்ச்சி. வருகிற திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன். ஏழாம் வகுப்பு அறிவியல், ஐம்பத்திரண்டு பிள்ளைகள். இப்போதே தூக்கம் வரமாட்டேன் என்கிறது. முதல் பாடத்துக்கான குறிப்பை எழுதிவிட்டேன். அதில் மாணவர்கள் சொல்லப்போகும் பதிலை முன்கூட்டியே எழுத ஒரு கட்டம் உண்டு. அதை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.