சத்தம் போன லாரி

எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது. அதை யாரும் பெரிதாக மதித்ததில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தை எங்களுக்குச் சொல்வது அப்பாவின் லாரிதான். பெரிய சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும் வளைவில் ஒரு சின்னப் பாலம் உண்டு. அதன் மேட்டில் ஏறி இறங்கும்போது லாரியின் முன்பக்கம் 'டணக், டக்' என்று இரண்டு தடவை தட்டும். பின்னாலேயே ஒரு கிறீச். போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் பாம்பூஃப்ளாட்டில் லாரிக்கும் பஞ்சமில்லை, லாரிச் சத்தத்துக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் அந்த இரண்டு தட்டும் ஒரு கிறீச்சும் எங்கள் வண்டிக்கே உரியவை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தச் சத்தத்தை வீட்டில் முதலில் பிடிப்பது என் காதுதான். "அம்மா, டணக்!" என்று கத்துவேன். அடுப்படியில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் மாமா அந்த நொடியே எழுந்துவிடுவார். கை கழுவக்கூட நிற்க மாட்டார். பின்வாசல் வழியாகப் பாக்குத் தோட்டத்துக்குள் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்விடுவார். அம்மா அவருடைய தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதற்கும் லாரி வாசலில் வந்து நிற்பதற்கும் சரியாக இருக்கும். எனக்கு இது ஒரு விளையாட்டு. தினமும் ஆடினாலும் அலுக்காத விளையாட்டு.

மாமா எங்கள் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அதனால்தான் இத்தனை ஓட்டம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த அம்மாவைத் தேடி, சில வருஷம் கழித்துக் கப்பலேறி வந்தவர். இந்தத் தீவில் அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அவர் ஒருவர்தான். முதலில் அவர்தான் அப்பாவின் லாரியை ஓட்டினார். ஒருமுறை மாயாபந்தருக்கு லோடு கொண்டுபோனவர், திரும்பி வரும்போது வாலிபால் ஆட்டத்துக்குப் போகும் பையன்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஓர் இறக்கத்தில் வண்டி வழுக்கி முன்சக்கரம் ஓடைக்குள் இறங்கிவிட்டது. யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் அப்பா தெருவே கேட்கும்படி கத்தினார். "உனக்கு வேலை தெரியாதுடா. இனிமே என் வண்டியத் தொடாத. என் வாசல மிதிக்காத." பிறகு அம்மா பக்கம் திரும்பி, "இவன் இந்த வீட்டுக்குள்ள வந்தான்னு தெரிஞ்சுச்சு, அன்னைக்கே நீயும் இவன்கூட மெயின்லேண்டுக்குக் கப்பலேறிக்க" என்றார்.

தெருவே கேட்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிற ஆள் இல்லை அப்பா. அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். மாமா பக்கத்து ஒர்க்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து, அதன் பின்னறையிலேயே தங்கிக்கொண்டார். அவருக்கு வெந்நீர் வைக்கக்கூட வராது. தம்பி பட்டினி கிடக்க அம்மாவால் சோறு தின்ன முடியவில்லை. கப்பல் பயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டே தினமும் அவருக்குச் சோறு போட்டாள். அந்த டணக், டக் தொடங்கியதும் ஓடையில் வாங்கிய அந்த அடியில்தான்.

அந்தச் சத்தத்தைச் சரி செய்யச் சொல்லி அப்பாவிடம் எத்தனையோ பேர் சொன்னார்கள். "ஓடுதுல்ல? ஓடட்டும்" என்பதோடு அவர் முடித்துக்கொள்வார். மற்ற விஷயத்தில் ஒரு நட்டு தளர்ந்திருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. கண்ணாடியில் ஈ உட்கார்ந்தால் வண்டியை நிறுத்தித் துடைப்பார். ஹாரன் அடிப்பதுகூட அவருக்குப் பிடிக்காது. "ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு ஹாரன்?" என்பார். அப்படிப்பட்டவர் இந்தச் சத்தத்தை மட்டும் ஒன்றரை வருஷம் பொறுத்துக்கொண்டார். மாமா செய்த தப்பு மறந்துபோகக் கூடாது என்பதற்காகவே வைத்திருக்கிறார் என்று அம்மா ஒருநாள் வருத்தப்பட்டாள். நானும் அப்படியே நம்பினேன்.

கடைசியில் வண்டியே அவரை வழிக்குக் கொண்டுவந்தது. போர்ட் பிளேர் கரையில் இருக்கும் சாத்தத்திலிருந்து சிமெண்ட் ஏற்றிக்கொண்டு ஃபெர்ரியில் ஏறும்போது, அப்பா ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடிக்க, சக்கரம் தன் பாட்டுக்கு வேறு பக்கம் போயிருக்கிறது. லாரி படகின் கம்பி வேலியை உரசிக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் கடல். முன்பக்கத்தைச் சரி செய்யாமல் இனி இந்த வண்டியை ஏற்றப்போவதில்லை என்று ஃபெர்ரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்த அப்பா சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு, "வண்டியப் பிரிச்சுத்தான் ஆகணும்" என்று மட்டும் சொன்னார். ஏதோ வேண்டியவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்போவதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் சிக்கல். போர்ட் பிளேர் பக்கம் பெரிய ஒர்க்ஷாப்புகள் இருந்தன. ஆனால் ஃபெர்ரியில் ஏற முடியாது. சுற்றுச் சாலையில் அவ்வளவு தூரம் போக அந்த ஸ்டியரிங்கை நம்ப முடியாது. எங்கள் பக்கத்தில் இந்த வேலை தெரிந்த ஒர்க்ஷாப் ஒன்றே ஒன்றுதான். மாமா வேலை பார்த்த அதே ஒர்க்ஷாப்.

முன்பக்கத்தில் மாற்ற வேண்டிய புது புஷ்கள் சென்னையிலிருந்து கப்பலில் வந்ததும் அப்பா வண்டியை அங்கே கொண்டுபோனார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். ஒர்க்ஷாப் முதலாளி ஒரு வங்காளி மிஸ்திரி. குனிய முடியாத அளவுக்கு வயிறு. ஆகவே லாரிக்கு அடியில் யார் போவார் என்பதில் சந்தேகமே இல்லை. அப்பா முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க, மாமா சாக்கை விரித்து உள்ளே நுழைந்தார்.

புஷ் என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சின்னக் குழல்தான். வண்டியின் வில் பட்டைகள் மாட்டியிருக்கும் இடத்தில் ரப்பர் சுற்றியது. ஸ்டியரிங் பக்கம் பித்தளை. இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் இடித்துக்கொள்ளாமல், நடுவில் இருந்து அடியை வாங்கிக்கொள்வது அதன் வேலை. அன்று ஒர்க்ஷாப்பில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் அந்த வேலையை மிஸ்திரி பார்த்தார்.

"மிஸ்திரி, உஸ்கோ போலோ, ஜோர் ஸே நஹி மார்னா" என்றார் அப்பா. ஓங்கி அடிக்க வேண்டாம் என்று அவனிடம் சொல். மிஸ்திரி லாரிக்கு அடியில் தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்து அதையே திரும்பச் சொன்னார். "உன்கோ போலியே, ஜங் லகா ஹை" என்றன கால்கள். துருப் பிடித்திருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். தமிழர்கள் இரண்டு பேர், நடுவில் ஒரு வங்காளியை வைத்து, மூன்று பேருக்கும் சொந்தமில்லாத ஹிந்தியில் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

உப்புக் காற்றில் இறுகிப்போன பின்களைக் கழற்றவே காலைப் பொழுது போய்விட்டது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சூடுகாட்டி, மாமா ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பழைய புஷ்கள் பல் விழுந்த ஈறுபோலப் பிய்ந்திருந்தன. புதியவற்றைச் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே ஏற்றிய பிறகும் மாமா நட்டுகளை முழுசாக முறுக்கவில்லை. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஏன் என்று மிஸ்திரி வழியாகக் கேள்வி போனது. வண்டி தரையில் தன் கனத்தில் நின்ற பிறகுதான் முறுக்க வேண்டும், தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும் என்று பதில் வந்தது. அப்பா வானத்தைப் பார்த்தார். ஆனால் மறுக்கவில்லை.

கடைசியில் ஸ்டியரிங்கைச் சோதிக்க அப்பா ஏறி உட்கார வேண்டியிருந்தது. மாமா கீழே படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "மச்சான், லெஃப்ட்ல ஒடிங்க! இன்னும்! இன்னும்! போதும்!" என்று தமிழில் கத்திவிட்டார். அப்பாவும் ஒடித்துவிட்டார். மிஸ்திரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீக் ஹை?" சரிதானே என்று பொதுவாகக் கேட்டார். இரண்டு பக்கமிருந்தும் "டீக் ஹை" வந்தது.

வீட்டுக்குத் திரும்பினோம். பாலத்து மேட்டில் லாரி ஏறி இறங்கியது. தட்டும் இல்லை, கிறீச்சும் இல்லை. தண்ணீரில் படகு போவதுபோலப் போனது. எனக்குச் சந்தோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. இனி மாமா எதைக் கேட்டு எழுந்திருப்பார்?

அம்மா வாசலில் லாரி வந்து நின்ற பிறகுதான் ஓடிவந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைக்கக்கூட மறந்து நின்றாள். "சத்தமே இல்ல, பாத்தியா?" என்றார் அப்பா. "ஆமா, நல்லாருக்கு" என்றாள். அவள் குரலில் நல்லது ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை அவளே என்னை ஒர்க்ஷாப்புக்கு அனுப்பினாள். "மாமாவ இனிமே வர வேணாம்னு சொல்லிட்டு வா. உங்கப்பா வர்றதே தெரியாதுடி. பாத்துட்டாகன்னா அவ்வளவுதான்." நான் போய்ச் சொன்னேன். மாமா கிரீஸ் கையால் நெற்றியில் தட்டிக்கொண்டார். "என் சோத்துல நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன் பாப்பா" என்று சிரித்தார். சிரித்துவிட்டு வெகுநேரம் ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு நாள் மாமா வரவில்லை. அம்மா அளவைக் குறைக்காமல்தான் சமைத்தாள், கை பழகிவிட்டது. இரண்டாம் நாள் அப்பா குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்து, "மீனு நிறையக் கெடக்கே" என்றார். அம்மா, "இன்னும் ரெண்டு துண்டு போடவா?" என்றாள். "எனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அம்மாவால் முடியவில்லை. "போய்க் கூட்டிட்டு வாடி. ரெண்டு வாய் தின்னுட்டு உடனே ஓடிரட்டும்" என்றாள். மாமா வந்தார். நான் வாசல்படியில் உட்கார்ந்து வளைவையே வெறித்துக்கொண்டிருந்தேன். காது இனிமேல் உதவாது, கண்தான் காவல். அந்தக் கண்ணும் ஒரு ஓணானைப் பார்த்ததும் அதன் பின்னாலேயே போய்விட்டது.

அப்போதுதான் வளைவிலிருந்து ஹாரன் கேட்டது. நீளமாக, விடாமல், கப்பல் கிளம்பும்போது ஊதுவார்களே, அப்படி. நிமிர்ந்து பார்த்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் லாரி. நான் கத்துவதற்கு முன்பே மாமா எழுந்துவிட்டார். பின்வாசல் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. லாரி பாலத்தருகே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சாமி ஊர்வலம்போல மெதுவாக வந்து சேர்ந்தது.

இறங்கிய அப்பா வாசலில் நின்றார். அங்கே மாமாவின் செருப்பு கிடந்தது, கிரீஸ் அப்பிய பழைய ரப்பர் செருப்பு. அவசரத்தில் வெறுங்காலோடு ஓடியிருக்கிறார். அப்பா அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பக்கத்தில் கிடந்த சாக்கை இழுத்து அதன்மேல் போட்டார். அப்பாவுக்கு வாசல் சுத்தமாக இருக்க வேண்டும், அதனால்தான் என்று எண்ணிக்கொண்டேன். யாருடைய செருப்பு என்று அவர் கவனிக்காதது என் அதிர்ஷ்டம் என்றும் எண்ணிக்கொண்டேன்.

"ரோட்டுல யாருமே இல்லையே, எதுக்குப்பா ஹாரன் அடிச்சீக?" என்று கேட்டேன்.

"ஆடு நின்னுச்சு" என்றார்.

எங்கள் தெருவில் ஆடு வளர்ப்பவர் ஒருவரும் கிடையாது. ஆனால் மறுநாளும் அந்த ஆடு வந்தது. அதற்கடுத்த நாளும். தினமும் மதியம், அதே வளைவில், அதே நீள ஹாரன். மாமாவும் பழையபடி வரத் தொடங்கினார். ஹாரன் கேட்டு, தட்டை வைத்துவிட்டு, செருப்பை மறக்காமல் எடுத்துக்கொண்டு ஓடினார்.

நான் நாள்கணக்கில் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். புஷ் மாற்றும்போது மாமா ஏதோ ஒயரைத் தவறாக மாட்டிவிட்டார். அதனால்தான் அந்த வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்ததும் ஹாரன் தானாக அடித்துக்கொள்கிறது. அப்பா வெட்கப்பட்டு ஆடு என்கிறார். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இதை அவரிடமே சொன்னேன். ஆடு கதையையும் சொன்னேன். சாக்கு போட்டு மூடிய செருப்பையும் சொன்னேன்.

மாமாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஹாரனச் சரி பண்ணிடுங்க மாமா" என்றேன்.

"வேணாம் பாப்பா. அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

ஒரு ஒயரைக்கூடச் சரியாக மாட்டத் தெரியவில்லை. அப்பா சொன்னது சரிதான், மாமாவுக்கு வேலை தெரியாது என்று அன்று நானும் முடிவு செய்துகொண்டேன்.